சும்மாதான் கூப்பிட்டேன்

(நமது சங்கத்தின் மூத்த குடியிருப்போர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 1983-ல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 37 வருடம் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றவன். அந்த 37 வருடத்தில் நான் அதிகம் பேசிய வசனம் "டோக்கன் நம்பர் சொல்லுங்க" என்பதாகத்தான் இருக்கும். செயலாளர் வந்து, "பதினைந்து நிமிடம் எதைப் பற்றியாவது பேசுங்கள் சார்" என்றார். ஃபிக்சட் டெபாசிட், நாமினேஷன், பென்ஷன் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் என் வீட்டுக்கு வந்து கேளுங்கள், காபியோடு சொல்கிறேன். இன்று வேறு ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இன்று காலை எத்தனை பேருக்கு வாட்ஸ்அப்பில் "இனிய காலை வணக்கம்" படம் வந்தது? எல்லாக் கையும் தூக்கியாகிவிட்டது. சரி. இந்த ஒரு வாரத்தில், எந்த வேலையும் இல்லாமல், ஒரு பழைய நண்பரோடு பத்து நிமிடம் போனில் பேசியவர்கள் எத்தனை பேர்? பார்த்தீர்களா, கைகள் இறங்கிவிட்டன. போன மாதம்வரை நானும் கையை இறக்கும் கூட்டத்தில்தான் இருந்தேன் என்று சொல்ல ஆசை. ஆனால் நான் மாறி ஒரு வருடம் ஆகிறது. ஏன் மாறினேன் என்பதுதான் இந்தப் பேச்சு.

நான் வேலைக்குச் சேர்ந்தது கும்பகோணத்தில். நாங்கள் நான்கு பேர், எல்லோரும் புதுசு, ஒரே அறையில் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம். பிறகு டிரான்ஸ்ஃபர் வந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தோம். அப்போது நாங்கள் எப்படித் தொடர்பு வைத்திருந்தோம்? இன்லண்ட் லெட்டர்தான். மூன்று பக்கமும் நிரப்பி, ஒட்டும் மடிப்பின் ஓரத்திலும் நாலு வரி நுணுக்கி எழுதுவோம். கிளையில் ஒரு போன் இருக்கும், அதன் டயலுக்கு ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், சாவி மேனேஜரிடம் இருக்கும். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் கால் என்றால் சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. ஆர்டினரி புக் செய்துவிட்டுக் காத்திருந்தால் சில நாள் பொழுதே சாய்ந்துவிடும். நம் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பின்னால் "பி.பி." என்று போட்டுக்கொள்வோம். பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று "உங்களுக்கு போன்" என்று குரல் கொடுத்தால், கைலியோடு ஓடுவோம்.

பிறகு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவு நேரம் ஆக ஆகக் கட்டணம் பாதியாகும், கால்வாசியாகும். அதற்காகச் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்போம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கண் மீட்டர் மேலேயே இருக்கும். மொபைல் வந்த புதிதில் வருகிற அழைப்புக்கும் காசு. அப்போதுதான் மிஸ்டு கால் என்ற அற்புதத்தை நம் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி அடித்து நின்றால் "வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்", இரண்டு தடவை அடித்தால் "கீழே நிற்கிறேன், இறங்கி வா".

இதையெல்லாம் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன். காசு கொடுத்துப் பேசிய அந்த மூன்று நிமிடத்தில் நாங்கள் பேசியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இன்று காசே இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், முகத்தைப் பார்த்துக்கொண்டேகூடப் பேசலாம். நாம் என்ன செய்கிறோம்? பூப் படம் அனுப்புகிறோம்.

இனி, என் தவறைச் சொல்கிறேன்.

நான்கு பேரில் ஒருவன் இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறான். தினமும் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வரும். ஒரு நாள் ரோஜா, ஒரு நாள் பிள்ளையார், வெள்ளிக்கிழமை என்றால் குத்துவிளக்கு. கூடவே ஒரு பொன்மொழி. நான் பதிலுக்குக் கும்பிடும் கையை அனுப்புவேன். நான்கைந்து வருடமாக இதுதான் எங்கள் நட்பு. "அவனோடு தொடர்பில் இருக்கிறாயா?" என்று யாராவது கேட்டால், "தினமும் பேசிக்கொள்கிறோமே" என்று கூசாமல் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள், மதுரையில் என் அண்ணன் மகள் கல்யாணம். மண்டபத்தில் முகூர்த்த நேரப் பரபரப்பு. காலையில் அவனிடமிருந்து படம் வந்தது. நெட் சரியாக இல்லை, படம் டவுன்லோடு ஆகாமல் மங்கலாகத் தெரிந்தது. மங்கலிலும் குத்துவிளக்கு என்று புரிந்தது. வழக்கம்போல் கும்பிடும் கையைத் தட்டிவிட்டு மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான்கு மாதம் கழித்துத் திருச்சியில் எங்கள் ஓய்வுபெற்றோர் கூட்டம். அங்கே எங்கள் அறை நண்பன் இன்னொருவனைப் பார்த்தேன். அவன் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏண்டா, அவன் பெண்டாட்டி காரியத்துக்குக்கூட நீ வரலையேடா" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்தக் குத்துவிளக்குப் படத்தில் நாலு வரி இருந்தது. அவன் மனைவி முதல் நாள் இரவு காலமான செய்தி. அவன் மகன் தயார் செய்து, அவன் போனிலிருந்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அதற்குக் கீழே, காலை 6 மணி 12 நிமிடத்துக்கு, என் கும்பிடு.

அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு வாரம் அவனிடமிருந்து எதுவுமே வரவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். தினமும் வருவது இரண்டு வாரம் நின்றுபோயிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

அந்த அம்மா கையால் நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன் தெரியுமா? அவர்கள் கல்யாணத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தல்காரனோடு நின்றவன் நான்.

அன்றே போன் போட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "டேய், நான் அந்தப் படத்தைத் திறந்தே பார்க்கலைடா" என்றேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "உன் கும்பிடு வந்துதேடா. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏதோ வர முடியலை போலருக்குன்னு விட்டுட்டேன்" என்றான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு ஆகிவிடும். சிலர் வந்து சண்டை போடுவார்கள்: "பாஸ்புக்கைப் பாருங்க சார், வட்டி வரவு ஆகிக்கிட்டுத்தானே இருக்கு!" நாங்கள் சொல்வோம்: "அது பேங்க் தானாகப் போட்ட வட்டி சார். நீங்களாக வந்து போட்டதோ எடுத்ததோ இருந்தால்தான் கணக்கு உயிரோடு இருப்பதாக அர்த்தம்."

எங்கள் நட்பும் அப்படித்தான் ஆகியிருந்தது. பாஸ்புக்கில் தினமும் ஒரு வரவு. ஆனால் அது எதுவும் நான் போட்டது இல்லை, எவனோ தயாரித்த படம், எவனோ எழுதிய பொன்மொழி. என்னுடைய பதிலும் கம்பெனி கொடுத்த கை. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடந்த டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவரோ வாரிசோ வந்து மனு கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். நட்பில் அந்த வசதி கிடையாது.

இந்த உவமையை நான் அவனிடமே பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் ஒன்று சொன்னான். அதையும் நீங்கள் கேட்க வேண்டும். "எல்லாம் சரிடா. ஆனா காலையில எழுந்தா வீட்ல ஒரு சத்தம் கிடையாது. படத்தை அனுப்பிட்டு ரெண்டு கோடு நீலமாகுதான்னு பாத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொண்ணா நீலமாகும். சரி, நம்மளை யாரோ பாத்தாங்கன்னு இருக்கும். அப்புறம்தான் பால் வாங்கப் போவேன்."

அன்றிலிருந்து காலை வணக்கப் படங்களை நான் கேலி செய்வதில்லை. அது பல பேருக்குக் கதவைத் தட்டுவது மாதிரி. தட்டுகிறவர் மேல் குற்றமில்லை. கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கும்பிடு போட்ட என் மேல்தான் குற்றம்.

"அப்படியானால் நீயாவது ஒரு போன் போட்டிருக்கலாமே" என்று அவனைக் கேட்டேன். "போடலாம்னுதான் இருந்தது. திடீர்னு போன் போட்டா நீ பதறிடுவியேன்னு இருந்தது" என்றான்.

யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு உண்மை! அந்தக் காலத்தில் தபால்காரர் "தந்தி" என்றால் பிரித்துப் பார்க்கும் முன்னே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பயம் நிற்கவில்லை, போனுக்கு மாறிவிட்டது. நல்ல சேதி எல்லாம் வாட்ஸ்அப்பில் போய்விடுவதால், பழைய நண்பர் பெயர் போட்டு மணி அடித்தாலே, "என்ன, எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?" என்று பதறிக்கொண்டு எடுக்கிறோம். பதறுவார்களே என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடாததால் இன்னும் அதிகம் பதறுகிறார்கள்.

நாம் மட்டும் இப்படி இல்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்று அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டிருக்கிறார்கள். விட்டுப்போன பழைய நண்பரை மின்னஞ்சலில் தொடர்புகொள்வதா, போனிலா என்று ஆட்களைக் கேட்டிருக்கிறார்கள். போனில் பேசினால் நெருக்கம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் என்ன பேசுவது, சங்கடமாக இருக்குமே என்று எழுத்தையே அதிகம் விரும்பினார்கள். உண்மையில் பேச வைத்துப் பார்த்தபோது, நெருக்கம் கூடியது. பயந்த சங்கடம் வரவில்லை. என் அனுபவமும் இதுதான். முதல் அரை நிமிடம்தான் கஷ்டம். அதற்குள் யாராவது ஒருவர் பழைய மெஸ் சாம்பாரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

அதற்காக சாட்டே வேண்டாம், போன்தான் உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்கள் நால்வரில் இன்னொருவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. காதுக் கருவி போட்டாலும் போனில் பேச்சு பிடிபடுவதில்லை. "ஆங்? ஆங்?" என்று பத்துத் தடவை கேட்க வெட்கப்பட்டு, போனை எடுப்பதையே விட்டுவிட்டான். அவனுக்கு வாட்ஸ்அப் ஒரு வரப்பிரசாதம். தமிழில் நிதானமாக டைப் செய்து, பழைய இன்லண்ட் லெட்டர் மாதிரி நீளமாக எழுதுவான். தோட்டத்து முருங்கை காய்த்தது, பேரன் மார்க், முட்டி வலி எல்லாம் இருக்கும். படிக்கும்போது அவன் குரலே கேட்கும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நமக்கும் பகல் இரவு மாறிவிடுகிறது. அவர்களுக்கும் எழுத்துதான் தோது. மருந்துப் பெயர், முகவரி போன்றவற்றை எழுத்தில் அனுப்புவதுதான் சரி. வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாயால் சொல்ல முடியாத ஒரு கஷ்டத்தை எழுத்தில்தான் சொல்ல முடியும்.

ஆகவே நான் கண்ட வித்தியாசம் எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் இல்லை. சொந்த வார்த்தைக்கும் இரவல் வார்த்தைக்கும் நடுவில். சொந்தமாக இரண்டு வரி எழுதினால் அதுவும் பேச்சுதான். ஆனால் போனில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே ஃபார்வர்டு செய்ய முடியாது. எடுத்தால் சொந்தச் சரக்கைத்தான் பேசியாக வேண்டும். குரல் கம்மியிருந்தால் தெரிந்துவிடும். "நல்லா இருக்கேன்" என்று எழுதிவிடலாம். சொல்லும்போது அது உண்மையா இல்லையா என்று நாற்பது வருட நண்பனுக்குத் தெரியாமல் போகாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பழைய வங்கி ஊழியன் என்ற முறையில். போன வருடம் திருச்சி நண்பன் நம்பரிலிருந்து, "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 20,000 ரூபாய் அனுப்பு, மாலையில் தருகிறேன்" என்று மெசேஜ் வந்தது. நான் பணம் அனுப்ப ஆப்பைத் திறந்துவிட்டேன். என் மனைவிதான், "என்னங்க, அவர் குரலைக் கேட்டீங்களா?" என்றாள். சாதாரண போனில் கூப்பிட்டேன். "ஆஸ்பத்திரியா? நான் வாசல்ல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான். எவனோ அவன் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றியிருக்கிறான். இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்களாம். அதனால் பணம் கேட்டு எது வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீங்களாகக் கூப்பிடுங்கள். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பழைய சங்கதியைக் கேளுங்கள். "நம்ம மெஸ்காரர் பேர் என்னடா?" என்று கேட்டால் எந்தத் திருடனுக்கும் பதில் தெரியாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன்? வங்கியில் டியூ டேட் டைரி என்று ஒன்று வைத்திருப்போம். எந்த டெபாசிட் என்று முதிர்கிறது என்று குறித்துவைக்கும் டைரி. அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் கடைசியாகப் பேசிய தேதி. ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் டியூ. கணக்குப் பிள்ளை புத்தி என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அவளிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். கூப்பிடும் முன் "இப்போ பேசலாமா?" என்று ஒரு வரி அனுப்புவது. முதலில் எனக்கு அது அந்நியமாகப் பட்டது. நண்பனிடம் பேச அனுமதியா என்று நினைத்தேன். இப்போது அதன் அருமை தெரிகிறது. எதிராளி குளித்துக்கொண்டிருக்கலாம், டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். முக்கியமாக, பதற மாட்டார். போனை எடுத்ததும் முதல் வாக்கியமாக, "ஒண்ணுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள், அதைக் கேட்கவே கூப்பிடலாம். ஒரு காரியமும் இல்லாமல் உன் ஞாபகம் வந்தது என்பதை, நம் பாஷையில் "சும்மா" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிகிறது.

கடைசியாக நம் குடியிருப்பைப் பற்றி. நமது சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் மிகவும் உதவியாக இருக்கிறது. கமிட்டிக்கு நன்றி. ஆனால் அதில் ஒருவர் வீட்டுத் துக்கச் செய்தி வந்தால், அறுபது கும்பிடு கைகள் வரிசையாக விழுகின்றன. கைகளை எண்ணியவர் எத்தனை பேர் படியேறி வந்தார்கள் என்றும் எண்ணியிருப்பார். நம் பிளாக்குகளில் தனியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு போன்கூட வேண்டாம், இன்டர்காமில் மூன்று எண்ணைத் தட்டினால் போதும். தினமும் காலையில் படம் போடுகிறவர் ஒருவர் இரண்டு நாள் போடவில்லையென்றால், தயவுசெய்து கவனியுங்கள். நான் இரண்டு வாரம் கவனிக்கவில்லை.

மயிலாடுதுறைக்கு நான் நேரில் போய்விட்டு வந்தேன். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அதற்குப் பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனுக்கு நான் கூப்பிடுவது வழக்கம். படமும் தினமும் வருகிறது. இப்போது திறந்து பார்த்துவிட்டு, கும்பிடு கைக்குப் பதிலாக, "எழுந்துட்டியா, இன்னைக்கு என்ன டிபன்?" என்று எழுதுகிறேன். போன வாரம் வியாழக்கிழமை என் போன் மணி நாலே முக்காலுக்கே அடித்தது. அவன்தான். முதல் தடவையாக அவனே கூப்பிடுகிறான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடா? என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலடா. சும்மாதான்."

இன்று இரவு சாப்பிடும் முன், உங்கள் போனில் நீங்கள் வெகுநாளாகக் கூப்பிடாத ஒரு பெயரைத் தேடி எடுங்கள். அடுத்த சந்திப்பில் இதே கேள்வியைக் கேட்பேன். எத்தனை கை தூக்குகிறது என்று எண்ணுவேன். எண்ணுவதில் எனக்கு 37 வருட அனுபவம்.